மாட்டைப் பார்க்க ஒரு விசா

செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீஸ் போகும் வழியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான். பட்டா மனு, பென்ஷன், பாஸ்போர்ட், விசா என்று மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் பிழைப்பு. நான் நிரப்பிக் கொடுத்த தாள்களோடு எத்தனையோ பேர் விமானம் ஏறிவிட்டார்கள். நான் திருப்பதியைத் தாண்டியதில்லை.

ஒருநாள் மத்தியானம் என் நாத்தனார் கடைக்கு வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. படாளத்தில் எட்டு கறவை மாடு வைத்திருக்கிறார். கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "நெதர்லாந்து போவணும். இன்னா இன்னா பேப்பர் வேணும், சொல்லு" என்றார்.

"அங்க இன்னா அண்ணி கீது?"

"நம்ம கறுப்பு வெள்ளை மாடெல்லாம் அந்த ஊர் ஜாதியாம், மாட்டு டாக்டர் சொன்னாரு. இத்தினி வருசமா அதுங்க பாலை வித்துதான் சோறு துன்றேன். அதுங்க ஊரைப் பாக்க வேணாமா? நீயும் கூட வா. எனக்கு இங்கிலீசு யாரு பேசுவாங்க?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு இதில் அனுபவம் உண்டு என்ற மிதப்பில் எல்லாருக்கும் போடும் அதே கடிதத்தையே எங்கள் இருவருக்கும் போட்டேன். சுற்றுலா, ஒன்பது நாள், ஐந்து நாடு. ஒரு ஏஜெண்ட் தயாரித்த பட்டியல் அது. மாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதினால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

விசா கிடைக்கவில்லை. பயணத்தின் நோக்கம் தெளிவாக இல்லை, திரும்பி வருவீர்கள் என்று நம்பக் காரணம் போதவில்லை என்று காகிதம் வந்தது. படித்துச் சொன்னபோது அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் திரும்பி வரமாட்டேன்னு எழுதிக்கீறானா? மாட்டை வுட்டுட்டு நான் எங்க போவேன்?"

அதை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தப்பு.

இரண்டாம் முறை நானே உட்கார்ந்து எழுதினேன். நாடு ஒன்று, ஊர் ஒன்று, எட்டு நாள். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணைக்கு மெயில் போட்டு, வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வாருங்கள் என்று வந்த பதிலை இணைத்தேன். எட்டு மாடு, அதில் இரண்டு சினை என்று மாட்டு டாக்டர் கொடுத்த கடிதத்தையும், தினமும் பால் ஊற்றுபவர் என்று பால் சங்கம் கொடுத்த கடிதத்தையும் வைத்தேன். பார்த்துவிட்டுத் திரும்புவார், ஏனென்றால் மாடுகள் காத்திருக்கும் என்று கடைசி வரியில் எழுதினேன். இத்தனை வருஷத்தில் ஒரு விண்ணப்பத்தில் நான் எழுதிய முதல் சொந்த வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

சென்னையில் கைரேகை எடுக்கும்போது வேறொரு சிக்கல். முதல் தடவையே இழுத்தடித்து நாலைந்து முயற்சியில்தான் பதிவாகியிருந்தது. புல் அறுத்து, பால் கறந்து அண்ணியின் விரல்களில் ரேகையே தேய்ந்துவிட்டது. வயல் வேலை செய்பவர்கள் யாராவது போவதாக இருந்தால் பத்து நாள் முன்னாலிருந்தே அரிவாளைத் தொடாதீர்கள், தினமும் விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். அண்ணிக்கு அப்படித்தான் இரண்டாம் முறை சரியாக விழுந்தது.

அந்தப் பத்து நாளும் பால் கறக்கப் பழகியது என் வீட்டுக்காரர். மூன்று நாள் வாளியை உதைத்துத் தள்ளின மாடுகள், நான்காம் நாள் அவரைப் பொறுத்துக்கொண்டன.

விசா வந்தது. எல்லாரும் டூலிப் பூ பார்க்கச் சித்திரையில் போவார்கள். நாங்கள் ஆவணிக் கடைசியில் போனோம், மாடுகள் இன்னும் வெளியே மேயும் என்பதால். குடையை விட்டுவிட்டு மழைக்கோட்டு எடுத்துக்கொண்டோம். அங்கே அடிக்கும் காற்றில் குடை நிற்காது. பண்ணைக்காரிக்குக் கொடுக்க அண்ணி ஒரு தூக்கு நெய் காய்ச்சி வைத்திருந்தார். பால் பொருள் எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்று நான் அதை எடுத்து வெளியே வைத்தபோதுதான் அவர் முகம் வாடியது. "வெறுங்கையோடவா ஒருத்தர் வூட்டுக்குப் போறது?"

நாலாம் நாள் பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய மட்டும் புல். அதில் அண்ணியின் மாடுகளைப் போலவே, ஆனால் ஒன்றரை மடங்கு பெரிசாக மாடுகள். பால் கறக்க மிஷின் இருந்தது. மாடு தானாகப் போய் நின்றது. அண்ணி ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனிக் கொட்டகையில் இருந்த கன்றுகளிடம் கூட்டிப்போன பண்ணைக்காரி, அண்ணி கையில் ஒரு பால் பாட்டிலைக் கொடுத்தார். கன்று முட்டி முட்டிக் குடித்தது.

"இதோட தாய் எங்கேன்னு கேளு."

கேட்டேன். பிறந்த அன்றே பிரித்துவிடுவோம், இங்கே அதுதான் வழக்கம் என்றார் அந்த அம்மாள். சொல்லும்போது அவர் குரலும் கொஞ்சம் இறங்கியது. தமிழில் சொன்னேன். அண்ணி கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

திரும்பும் பஸ்ஸில், அந்த ஊர்க்காரர்களுக்கு மனசே இல்லை என்று நான் ஆரம்பித்தேன்.

"அப்படிச் சொல்லாத" என்றார். "நான் காளைக்கன்னை இன்னா பண்றேன்? மாசம் ஆவறதுக்குள்ள தரகன் ஓட்டிகினு போறான். அது எங்க போச்சுன்னு ஒருநாளும் நான் கேட்டதில்ல. நாம கேட்டதுக்கு அந்தம்மா மறைக்காம பதில் சொல்லுச்சு."



வெளிநாடு போகத் திட்டம் போடுகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் முக்கியமாக ஒன்று சொல்வேன். ஒரு நாளைக் காலியாக விடுங்கள். எங்கள் ஆறாம் நாள் அப்படி இருந்தது. வெளியே தூறல். தினமும் நாலு மணிக்கு எழுகிற அண்ணி அன்று எட்டாகியும் எழவில்லை. எனக்குப் பயமாகக்கூட இருந்தது. பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். சன்னமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து கால்வாயில் போகும் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தரைக்குக் கண் விழித்தார்.

"ஏன் எழுப்பல?"

"எழுப்பி இன்னா அண்ணி பண்றது? இன்னைக்கு ஒரு வேலையும் இல்ல."

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.