பின்னால் நடக்கும் அப்னா

சாய்ந்தமருது சந்தையடியில் யாராவது நொண்டிக்கொண்டு போனால், கொஞ்சத் தூரம் பின்னால் அப்னாவும் நொண்டிக்கொண்டு போவாள். முன்னால் போகிறவர் காலை இழுத்தால் இவளும் இழுப்பாள். அவர் தோளைச் சரித்தால் இவளும் சரிப்பாள். தெரிந்தவர்கள் கூப்பிட்டாலும் காதில் விழாது. உடம்பில் எந்த இடம் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, அந்த நடையைத் தானே நடந்து பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை என்பது அவளுடைய கட்சி. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்ததில்லை. மூன்று வருடப் படிப்பில் அது ஒரு பாடமாக வரவில்லை.

படிப்பது மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், பிசியோதெரபி. இந்தச் சொல்லை ஊர் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை. டொக்டரா என்று கேட்பார்கள், இல்லை. நேர்ஸா, அதுவும் இல்லை. அப்படியென்றால் என்னதான் என்று மடக்குகிறவர்களுக்கு அவளுடைய தாய் ஆசியா உம்மா ஒரு பதில் வைத்திருக்கிறார்: "டொக்டருக்குப் பக்கத்துல." எவ்வளவு பக்கத்தில் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

லீவில் வந்தால் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகக் குந்த முடியாது. தேங்காய் திருவக் குந்தினால் உம்மாவின் முதுகில் ஒரு கை வந்து நிமிர்த்தும். பக்கத்து வீட்டு முனாஸ் நானா மோட்டார் சைக்கிளில் இருக்கும் இருப்பைப் பற்றி மதிலுக்கு மேலால் ஒரு விரிவுரை நடக்கும். கலியாண வீட்டில் ஒரே சகன் தட்டைச் சுற்றிக் குந்திச் சோறு தின்னும்போது, கோழிக்காலை எடுத்து மூட்டைக் கழற்றிப் பூட்டிக் காட்டுவாள். எந்த நார் எதைப் பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லி முடிக்கிறபோது மற்றவர்கள் கை கழுவப் போயிருப்பார்கள். மிச்ச இறைச்சி அவளுக்கு. இதற்காகத்தான் படிப்பைக் காட்டுகிறாளோ என்று உம்மாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

யுத்தம் முடிந்த கையோடு வந்த லீவு இது. யுத்தம் முடிந்தது சோதனைச்சாவடிகளுக்கு இன்னும் தெரியவந்திருக்கவில்லை. வாப்பா றஸாக் மகளைக் கூட்டிவந்த பஸ்ஸும் வழியில் நின்றது. எல்லாரும் இறங்கி வரிசையில் நடந்தார்கள். அடையாள அட்டையைப் புரட்டிய சிப்பாயிடம் அப்னா தன் கெம்பஸ் சிங்களத்தில், துவக்கை எந்நேரமும் ஒரே தோளில் மாட்டி ஒரே காலில் பாரத்தைப் போட்டு நின்றால் முதுகு போய்விடும் என்றாள். றஸாக் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். சிப்பாய் துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். பிறகு, கழுத்து நோவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டான். பஸ் காத்துக்கொண்டு நின்றது.

றஸாக் பிடவைக்கடைக்காரர். மகளை அவ்வளவு தூரம் படிக்க விடும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அவளைப் பற்றி ஊரில் ஒரு சொல் வரக்கூடாது. வந்தால் அன்றோடு படிப்பு நின்றுவிடும். றஸாக் சொன்னதை மாற்றாதவர். கடையில் சாரனுக்குச் சொன்ன விலையைக்கூட மாற்றமாட்டார். அதனால் வியாபாரம் கொஞ்சம் மந்தம். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது.

அந்தச் சொல் ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கே நடந்து வந்தது. கொண்டுவந்த நபீஸா மாமி கலியாணத்துக்குச் சொல்லப் போகிறவர். யார் வீட்டுக் கலியாணமானாலும் வீடு வீடாக ஏறி அழைப்புச் சொல்வது அவர்தான். சுனாமியில் இடுப்பெலும்பு உடைந்து, அது தன்பாட்டில் எப்படியோ பொருந்தி, அன்று முதல் ஒரு பக்கம் சரிந்து சரிந்துதான் ஊரையே சுற்றுகிறார். அவரைப் பகைத்த குமர்ப்பெண்ணின் பெயர் மஃரிபுக்கு முன்னால் கடற்கரைவரை போய்விடும்.

"றஸாக், உன்ட புள்ள என்ட பின்னால நொண்டி நொண்டி வாறா. சந்தையில ஆக்கள் அவளப் பாத்துச் சிரிக்காங்க. இதத்தான் கெம்பஸ்ல படிச்சிக் குடுக்காங்களா?"

றஸாக் மகளைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமிக்கும் அது போதுமாயிருந்திருக்கும்.

"ஓம் மாமி," என்றாள் அப்னா. "உங்களப் போலத்தான் நடந்த நான். இன்னம் சரியா வரல்ல."

ஆசியா உம்மா குசினிக்குள் போய்விட்டார். அப்னாவுக்கு நிறுத்தத் தெரியவில்லை. இடது பக்க இடுப்புச் சதை சோர்ந்து கிடக்கிறது, அதனால்தான் அந்தக் காலில் நிற்கும்போது மற்றப் பக்கம் கீழே இறங்குகிறது, அதைச் சமாளிக்கத்தான் உடம்பு சரிகிறது என்று கையாலும் தோளாலும் விளக்கினாள். முழுக்க மாறும் என்று சொல்லமாட்டாளாம். முதலில் ஆஸ்பத்திரியில் எலும்பைப் படமெடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஆனால் சதையைப் பலப்படுத்தலாமாம்.

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நடந்து காட்டு, பாப்பம்."

அப்னா நடந்தாள். வாசலிலிருந்து அலுமாரிவரை, கையில் இல்லாத குடையைப் பிடித்துக்கொண்டு, படியேறும்போது மாமி விடும் பெருமூச்சையும் விட்டு. றஸாக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் மாமியின் வயிறு குலுங்கியது. பிறகு ஆளே குலுங்கினார். "அல்லாஹ்வே, இந்த நடையிலயா நான் ஊர் முழுக்கக் கலியாணம் சொல்லித் திரிஞ்ச? அதான் ஒரு வீட்டிலயும் வர ஏலாது எண்டு சொல்லல்ல." சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரை முந்தானையால் துடைத்தார். துடைத்த பிறகும் அது கொஞ்சம் வந்தது. "சுனாமிக்குப் பொறகு எல்லாரும் என்ட மூஞ்சியத்தான் பாக்காங்க மகள். கால ஒருத்தரும் பாக்கல்ல. சரி, என்ன செய்யணும், சொல்லு."

கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு இடக்காலைப் பக்கவாட்டில் தூக்க வேண்டும். வீட்டில் இருந்தவை பிளாஸ்டிக் கதிரைகள். மாமி பிடித்ததும் கதிரையும் மாமியோடு சேர்ந்து சரிந்தது.

"இவள் எப்ப திரும்பிப் போறா?" என்று மாமி, சரிந்தபடியே, றஸாக்கைக் கேட்டார்.

அப்னா வாப்பாவைப் பார்த்தாள். ஆசியா உம்மா அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்தார். ஒரு சொல் வரக்கூடாது என்றவருக்கு வீடு தேடிச் சொல் வந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவர் இப்போது அவருடைய கதிரையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார்.

றஸாக் எழும்பி வந்தார்.

"ஞாயித்துக்கெழம. விடியப் பஸ்ஸில," என்று சொல்லிக்கொண்டே நிலத்தில் குந்தி, கதிரைக் கால்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். மாமி காலைத் தூக்குவதைப் பார்க்கக் கூடாதென்று முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.