அக்காவின் மலைத்தேனும் என் அறிவுரையும்

இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்ப்பதுதான் என் தொழில். வீட்டில் நான் நட்ட செடியெல்லாம் மூன்றாம் நாளே தலை தொங்கிவிடும். கிருமி மட்டும் என் கையில் தளதளவென்று வளரும்.

ஆறாத புண்ணுக்கு வைத்துக் கட்ட எந்த இடத்துத் தேன் நல்லது என்று பார்க்கச் சொன்னார்கள். மலை, கடற்கரை, வயல்வெளி என்று மூன்று பாட்டில் வந்தது. கிருமி பரப்பிய தட்டில் சின்னக் குழி போட்டு அதில் தேனை விடுவோம். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி செத்த இடம் வட்டமாகத் தெளிந்திருக்கும். வட்டம் பெரிதென்றால் தேனுக்கு வீரியம் அதிகம்.

மலைத்தேன் என் அக்காவுடையது. அது தேறினால் அவளுக்கு நிரந்தர ஆர்டர். தேறாவிட்டால் தேன்பெட்டிகளை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட வேண்டியதுதான். அவளுக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. நானோ மலைப்பூவின் மகிமையை லேப் முழுக்க அளந்துகொண்டிருந்தேன். எங்கள் லேபுக்குப் பொறுப்பான மேடம் மட்டும், "தட்டு சொல்லட்டும் சார்" என்றார்.

தட்டு சொன்னது. கடற்கரைக்கு நல்ல வட்டம், வயலுக்கு நடுத்தரம், மலைக்கு ஒன்றுமேயில்லை. குழியின் விளிம்பு வரை கிருமி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"சூடு பண்ணின தேனா சார்? சூடு பட்டா வீரியம் போயிடும்" என்றார் மேடம்.

"எங்க அக்காவா? சான்ஸே இல்ல" என்று வெளியே போய்ப் போன் போட்டேன்.

"கொதிக்கிற தண்ணில வச்சுத்தானேடா எடுக்கிறேன்" என்றாள் அக்கா. "தேன் உறையுதுன்னு கேட்டப்ப நீதானே சொன்ன, கிருமியெல்லாம் செத்துடும்னு? பத்து வருஷமா அப்படித்தான் செய்யறேன்."

லேப்காரன் என்ற மிதப்பில் எதையோ உளறியிருக்கிறேன், அவளும் தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். பேசாமல் இருந்தால் மலைத்தேன் உதவாது என்று ரிப்போர்ட் போய்விடும், என் மானமும் தப்பும். அரை மணி நேரம் அதையும் யோசித்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிறகு மேடத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அக்கா சூடே காட்டாமல் அடையோடு வெட்டி அனுப்பிய தேனை மறுபடி தட்டில் வைத்தோம். இந்தத் தடவை மூன்றில் மலைக்குத்தான் பெரிய வட்டம். நான் அளந்ததை நம்பாமல் மேடமும் ஒருதரம் ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.

அடுத்த வாரம் அக்கா லேபுக்கே போன் பண்ணினாள். "ஆர்டர் வந்துடுச்சுடா. தேனை எப்படிப் பத்திரப்படுத்தணும்னு கேக்கணும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "அதாவது அக்கா..."

"நீ இருடா. போனை மேடத்துகிட்ட குடு."

கொடுத்தேன்.