கேட்காமல் விட்ட கேள்வி

1. சனிக்கிழமைக்குள் ஒரு வீடு

"அண்ணாச்சி, சனிக்கிழம ஆஸ்பத்திரியில அம்மைக்குப் பேரு வெட்டி அனுப்புதாங்களாம். அதுக்குள்ள எனக்கு ஒரு வீடு வேணும்."

லூர்து இதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை காலை. முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடைதான் அப்போது எனக்கு ஆபீஸ். அவன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். சொந்த ஊர் பெரியதாழை. மனைவி ரெஜினா ஊரில் இருந்தாள். இவன் இங்கே நாலு பேரோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தான். அவனுடைய அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுத்து மூன்று வாரம் ஆகியும் புண் ஆறவில்லை. இனி வீட்டிலிருந்தபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்றிக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

"பெரியதாழையில இருந்து ரெண்டு பஸ் மாறணும் அண்ணாச்சி. ஒரு குலுக்கல் தாங்காது, ரத்தம் வந்துரும். டவுன் பஸ் வார எடத்துல ஒரு அறை போதும்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து வேலை யாரும் தரவில்லை, மூட்டை தூக்க உடம்பில் தெம்பில்லை. அதனால் வீட்டுத் தரகுக்கு வந்தேன். புதுத் துறைமுகத்துக்கு ஆள் வந்து குவிந்த வருஷங்கள் அவை. ஒரு வீட்டு வாசலில் வண்டி நின்று, பானை சட்டி ஏறுகிறது என்று தெரிந்தால் போதும், நாலு பேர் போய் நிற்பார்கள். கம்பெனி ஆபீசர்கள் பத்து மாத அட்வான்ஸோடு வருவார்கள். வின்ச் ஓட்டுகிறவனுக்கு யார் முதலில் கதவைத் திறப்பார்கள்?

போதாததற்கு, அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடியில் இங்கே யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். குடிவருகிறவர் மாதா கோவிலுக்குப் போகிறவராக இருந்தாலும், வீட்டுக்காரர் விடமாட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பால் காய்ச்சாவிட்டால் ஒரு மாதத்துக்குப் பேச்சே கிடையாது.

2. வீட்டுக்காரர்கள் கேட்பது

என்ன வேலை, எந்த ஊர், எத்தனை உருப்படி. இந்த மூன்றையும் எல்லா வீட்டுக்காரரும் கேட்பார்கள். நாலாவதாக ஒன்று கேட்பார்கள். "படுக்கையில யாரும் உண்டா?"

கல் மனசால் கேட்பதில்லை. ஆகாத நட்சத்திரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடைப்பு என்று ஆறு மாதம் அந்த வீட்டைப் பூட்டிப் போடுவார்கள். அப்புறமும் அதில் குடிவர யோசிப்பார்கள். அதனால் சாகக் கிடக்கிறவர்களோடு வருகிறவர்களுக்கு வீடு கிடைப்பது அபூர்வம்.

செவ்வாயும் புதனும் லூர்துவைச் சைக்கிள் பின்னால் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஒன்பது வீடு பார்த்தோம். ஒன்பதிலும் நாலாவது கேள்வி வந்தது. லூர்துவுக்குப் பொய் வரவில்லை. தலையைக் குனிவான், அவர்களுக்குப் புரிந்துவிடும்.

புதன் சாயங்காலம் பொன்னுலிங்க அண்ணாச்சியிடம் போனோம். அவர் அரிசிக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஆறு வீடுகள் உள்ள வளவு அவருடையது. கடைசி வீடு காலி. அண்ணாச்சி மூன்று கேள்வி கேட்டார். லூர்துவின் சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் படியை எடுத்து அரிசி அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"சரிப்பா. வெள்ளிக்கிழம காலையில பாலக் காச்சிரு. தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், பாத்துக்க. ஏலே மணி, சாவிய நீயே வச்சுக்கோ" என்று சாவியை என்னிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மையக் கொல்லப்பக்க ஜன்னலோரம் போடலாம் அண்ணாச்சி. காத்து வரும்லா" என்றான். அன்றைக்கே ரெஜினாவுக்குச் சொல்லி அனுப்பினான்.

3. நான் செய்தது

அன்று ராத்திரி எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி நாலாவது கேள்வியைக் கேட்கவில்லையே! மறந்துவிட்டாரா? அந்த அம்மாள் அங்கே கண்ணை மூடினால், அதுவும் அடைப்பில் மூடினால்? தெரிந்தே மறைத்தான் என்று என்னைத்தானே சொல்வார்கள்? இனி இந்தப் பக்கத்தில் எவன் என்னிடம் சாவி தருவான்?

வியாழக்கிழமை டீக்கடையில் இன்னொரு தரகரான கோபாலிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீ பூட்டப் பூட்டிட்டுப் பத்துத் தடவ இழுத்துப் பாக்குத ஆளுல்லா! கேக்காதவர்ட்ட எதுக்குல போய்ச் சொல்லுத? வாய மூடிட்டு டீயக் குடி."

குடித்தேன். ஆனால் கால் நிற்கவில்லை. நேரே அரிசிக் கடைக்குப் போனேன். அண்ணாச்சியின் மனைவி கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். அவர் இருப்பதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

"அண்ணாச்சி, ஒரு விஷயம். அந்த லூர்துக்கு அம்மா படுக்கையில கெடக்கு. வயித்துல ஆபரேஷன். நாளைக்கு ஒண்ணுன்னா நான் மறச்சேன்னு வரக்கூடாது பாருங்க."

சுளகு நின்றது. அண்ணாச்சி என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?" என்று மதினி அவரிடம் கேட்டார்.

அவர் படியைக் கையில் எடுத்தார். மதினி விடவில்லை.

"பாவந்தான், நான் இல்லங்கல. போன தடவ அடைப்புல ஒண்ணு நடந்து, பக்கத்து ரெண்டு வீடும் காலி பண்ணிட்டுப் போனத மறந்துட்டியளா? மத்த அஞ்சு வீட்டுலயும் பச்சப் புள்ளைங்க இருக்கு. அவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? சாவிய வாங்கிருங்க."

அண்ணாச்சி என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். சத்தமே எழும்பாமல் பேசினார்.

"நான் ஏம்ல கேக்கல? சீட்டப் பாத்தேன், எனக்குத் தெரியாதா? கேட்டா அவன் சொல்லணும், சொன்னா நான் இல்லங்கணும். அதான் கேக்காம விட்டேன். ஒண்ணு ஆயிருந்தா, தெரியாமக் குடுத்துட்டேன்னு இவகிட்டயும் வளவுலயும் சொல்லிச் சமாளிச்சிருப்பேன். இப்ப அவ முன்னாடி போட்டு ஒடச்சிட்ட. இனி நான் என்னத்தச் செய்ய? சாவியக் குடுத்துட்டுப் போலே."

4. அதற்குப் பிறகு

வெள்ளிக்கிழமை காலை லூர்துவும் ரெஜினாவும் புதுப் பானையும் பாலுமாக வந்து நின்றார்கள். வீடு இல்லை என்று வாசலில் வைத்தே சொன்னேன். அம்மா படுக்கையில் இருப்பதை அங்கே நான்தான் சொன்னேன் என்பதையும் சொன்னேன். லூர்து பானையைக் கீழே வைத்தான். ரெஜினா கேட்டாள்: "அவரு கேட்டாரா அண்ணாச்சி?"

"கேக்கல" என்றேன்.

அன்றைக்கும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் எங்கெங்கோ போய்க் கேட்டேன். மாட்டுத் தொழுவத்தை ஒட்டின ஒரு சாய்ப்பு அறைகூடக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் அமையவில்லை. சனிக்கிழமை அந்த அம்மாளை பஸ்ஸில் பெரியதாழைக்குக் கூட்டிப் போனார்கள். கட்டு மாற்ற இரண்டு தடவை வந்தார்களாம். மூன்றாவது தடவை அந்த அம்மாளே, "என்னால ஏலாது, என்ன விட்டுருங்க" என்று சொல்லிவிட்டாராம்.

ஆடி பாதியில் இறந்து போனார். நான் போயிருந்தேன். வாசலில் ஆட்களோடு நின்ற லூர்து என்னைப் பார்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெஜினா கடுங்காப்பி கொண்டு வந்து தந்தாள்.

"வீடு இருந்தாலும் பொழச்சிருப்பாங்களோ என்னவோ, அது கர்த்தருக்குத்தான் தெரியும். அந்த பஸ்ஸுல அவங்க பட்ட பாடு மட்டும் இருந்திருக்காது அண்ணாச்சி" என்றாள்.

ஆடி என்பதால் வளவின் கடைசி வீட்டைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. பெரியதாழையில் அந்த அம்மாளை அடக்கம் செய்த அன்றும் அது பூட்டித்தான் கிடந்தது.

இந்தத் தரகுத் தொழிலுக்கு வந்தால், பொய் சொல்லாதே என்று எல்லாரும் உங்களுக்குச் சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன். ஆனால் அன்று நான் உண்மைக்காக வாயைத் திறக்கவில்லை. என் பயத்தை என்னால் ஒரு நாள்கூடச் சுமக்க முடியவில்லை, அதனால் கொண்டுபோய் இறக்கி வைத்தேன். படுத்துக் கிடந்த ஒரு மனுஷியின் மேல் இறக்கி வைத்தேன் என்பது பெரியதாழையில் அந்தக் காப்பியைக் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.