அண்ணன் உடம்பில் தம்பியின் அணுக்கள்

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வீடு திரும்புகிறவர்களைக் கண்காணிக்கும் நர்ஸ் நான். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவதுதான் வேலை. இதே பிழைப்பில் இருக்கும் சக நர்ஸ்கள் உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்!

வரப்புத் தகராறு

பூலாம்பாடி கதிர்வேலுக்கு ரத்தப் புற்றுநோய். ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் அணுக்களை வேறொருவரிடமிருந்து வாங்கி ஏற்ற வேண்டும்; பொருந்தியவை தம்பி முருகேசனின் அணுக்கள் மட்டும். வரப்புத் தகராறில் இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சே கிடையாது. இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது விளக்கினேன்: "தம்பியோட அணு உங்க உடம்பை வேத்தாளுன்னு நெனச்சு அடிக்கும். அதை அடக்கத்தான் இந்த மாத்திரை. நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

கதிர்வேலின் மனைவி செல்லம்மாள் அசரவே இல்லை. "வெளிய இருந்தே அடிச்ச ஆளு, உள்ள போனா சும்மாவா இருப்பாரு?"

நலம் விசாரிப்பு

எதிர்ப்புச் சக்தி திரும்பும்வரை யாரையும் அண்ட விடாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால், வாசலில் மினி வேன் நிறைய உறவு. மாஸ்க்கைத் தாடையில் மாட்டியிருந்த மாமா ஒருவரைப் பிடித்து நிறுத்தினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூஞ்சிய மூடிக்கிட்டா நான் வந்து பாத்துட்டுப் போனது அவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

சத்தியம்

ஒருநாள் செல்லம்மாள் போன் செய்தார். கதிர்வேலுக்கு உள்ளங்கையெல்லாம் சிவந்து தடித்திருக்கிறது, வயிற்றுப்போக்கு வேறு. தம்பியின் அணுக்கள் அடிக்கத் தொடங்கிவிட்டதற்கான அறிகுறி. உடனே வார்டுக்கு வரவழைத்தோம். விசாரித்தால், ஒரு வாரமாக மாத்திரையே போடவில்லை! உறவுக்காரர்கள் வரப்பை அளந்து தகராறைத் தீர்த்திருக்கிறார்கள். இனி அண்ணனோடு மோதுவதில்லை என்று தம்பி குலசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

கதிர்வேல் என்னையே கேட்டார்: "சத்தியம் பண்ணுனப்புறமும் மாத்திரை போட்டா, தம்பிய நம்பலன்னு ஆயிடாதா சிஸ்டர்?"

கண்ணாடிக்கு வெளியே

டாக்டர் மறுபடி மருந்துகளைத் தொடங்கினார். பிழைப்பாரா என்று எங்களில் யாருக்கும் நிச்சயமில்லை. முருகேசன் வார்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்று, அண்ணனின் நெஞ்சைப் பார்த்துத் தன் அணுக்களைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நான்தான் சத்தியம் பண்ணிட்டேன்ல? உங்களுக்குத் தனியா வேற சொல்லணுமாடா?"

ஊசி

மருந்து கேட்டது, கதிர்வேல் பிழைத்தார். ஆனால் சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பழைய அணுக்களோடு போய்விட்டதே! எல்லாம் முதலிலிருந்து போட வேண்டும். அரியலூரில் ஊசி அறைக்கு வெளியே அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி போடும் சிஸ்டர் எட்டிப் பார்த்து, "குழந்தை எங்க?" என்றார்.

முருகேசன் அண்ணனின் தோளைத் தட்டினார். "இவருதாங்க. போன வருஷம்தான் எங்க வூட்டுல பொறந்தாரு."

அணுக்களுக்கு நோயோடு சண்டை போடத் தெம்பும் வர வேண்டும், அந்தச் சண்டை வீட்டுக்குள் வராமலும் இருக்க வேண்டும். இவ்வளவுதான் எங்கள் உத்தியோகம்.