பெயின்டரின் ஈரத்துண்டு

மகள் குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாலே போதும், பெயின்டரின் மனைவிக்கு அவர் ஞாபகம் வந்துவிடும். அப்பன் புத்தி அப்படியே! என்ன மனுஷன் அவர்! ஊரில் உள்ள சுவருக்கெல்லாம் பெயின்ட் அடித்தவர், சொந்த வீட்டுச் சமையலறையை மட்டும் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்றே ஓட்டினார். காலையில் அவள் திட்ட ஆரம்பித்தால் தெருக்கோடி வரை கேட்கும். அவரோ கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து, "முடிச்சிட்டியா?" என்பார். அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதெல்லாம் எவ்வளவு நல்ல காலம்!

நுரையீரல் கெட்டு, ஒரு மத்தியானம் மூச்சுவிட முடியாமல் திணறிய அவரை அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். டாக்டரம்மா திரைக்கு வெளியே அழைத்து விஷயத்தைச் சொன்னதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்கம்மா. உடைஞ்சு போயிடுவார்."

"அவரோட உசுரும்மா இது. அவரைக் கேக்காம நாம எப்படி முடிவு பண்றது?"

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க நுரையீரல் இனிமே தேறாது. தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வைக்கலாம். ஆனா அதைத் திரும்ப எடுக்க முடியுமான்னு சந்தேகம்தான். குழாய் இருக்கிற வரைக்கும் பேச முடியாது. வேணாம்னா, திணறல் தெரியாம மருந்து குடுத்துப் பாத்துக்குவோம். நாள் கம்மிதான். உங்களுக்கு எதுங்கய்யா முக்கியம்?"

அவர் மாஸ்க்கை லேசாக விலக்கினார்.

"இவ திட்டினா... நான் பதில் சொல்லணும். குழாய் வேணாம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, ஊமையாயிட்ட? திட்டு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஈரத்துண்டைக் கட்டில்லயே போட்டுட்டு வந்திருக்கீங்க. மெத்தையெல்லாம் நாறப்போகுது. சமையலறைக்கு யாரு பெயின்ட் அடிப்பா? இப்படி என்னைத் தனியா விட்டுட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வருது?"

அதற்குமேல் முடியாமல் விம்மினாள்.

"முடிச்சிட்டியா?" என்றார் அவர், மாஸ்க்குக்குள்ளிருந்து.

"இல்ல. இன்னும் எவ்வளவோ இருக்கு."

"சொல்லு. கேக்கிறேன்."

மறுநாள் மத்தியானம் அவர் போய்ச் சேர்ந்தார். அவள் இன்னும் முடிக்கவில்லை.