ஊசிக்குள் இருந்தது மருந்தா, தண்ணியா?

புது மருந்து ஆய்வில் ஒருங்கிணைப்பாளர் வேலை என்பது, "குணமாகும்னு உறுதி சொல்ல முடியாது" என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டே இருக்கும் வேலை. ரெண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு சில வருஷம், நாகர்கோவில் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முடக்குவாத ஊசி ஆய்வில் அதைச் செய்தேன். டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்து, உங்கள் உடம்பைப் பற்றி உங்களைத் தவிர எல்லாரும் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

உறுதி கிடையாது

மண்டைக்காட்டுப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து செலின் அக்கா வந்தார். மீன் விற்பவர். விரல் மடங்காமல், மீன் பாத்திரத்தைத் தூக்க முடியாமல், வியாபாரத்தையே விட்டிருந்தார்.

அவருக்கு எல்லாம் விளக்கினேன். பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். பழைய மாத்திரை எல்லாருக்கும் தொடரும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிடிக்காவிட்டால் எப்போதும் விலகலாம். பயந்து எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இத்தன வருசமா மருந்து தந்தவிய ஒருத்தரும் இப்பிடி உக்காந்து சொல்லல்ல மக்களே. தெரியாதுன்னு சொன்ன ஆளு நீ ஒருத்திதான். எங்க ஒப்பு போடணும்?" கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன்.

எலும்புப் படம்

குளச்சல் யூசுப் அண்ணன் கல்ஃபிலிருந்து முட்டு வீங்கித் திரும்பியவர். ஆய்வில் சேரப் பழைய எக்ஸ்ரே வேண்டும். அது திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தது. செலின் அக்காவின் படங்களும் அங்கேதான். இருவரும் சேர்ந்து போனார்கள். நோயாளி கையில் தருவதில்லை என்றார்களாம். இவர்கள் நகரவில்லை, அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார்கள். எங்கள் டாக்டர் அங்குள்ள டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். நகல் கிடைத்தது. அதன்பிறகு எங்கள் ஆய்வுக்கு வந்த யாரையும் அந்த ஆஸ்பத்திரியில் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

மறுநாள் யூசுப் அண்ணன் உறையை என் மேசையில் வைத்தார். "அங்க எனக்க பாஸ்போர்ட்ட முதலாளி வச்சிருந்தான். இங்க எனக்க எலும்பு படத்த ஆஸ்பத்திரி வச்சிருக்கு. ரெண்டுக்கும் நான்தான் கெஞ்சணும், கேட்டியா மோளே?"

சென்னை சார்

ஆய்வு முடிந்தது. முடிவெல்லாம் கம்பெனிக்குப் போய்விடும், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்றும் வராது. அதுதான் வழக்கம். செலின் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. யூசுப் அண்ணனும் அவரும் மற்றவர்களையும் திரட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் மனசு வைத்து, ஆய்வைக் கண்காணிக்கும் குழுவிடம் பேசினார். கடைசியில் சென்னையிலிருந்து கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார்.

திரையில் கோடு கோடாகப் படம் போட்டு, சரளமான ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். முன்வரிசையில் செலின் அக்கா எழுந்து, வளைந்த விரல்களை உயர்த்திக் காட்டினார். "சாரே, இது எனக்க கை. எனக்கு மனசிலாவுற மாதிரி தமிழ்ல சொல்லுங்க."

உப்புத்தண்ணீர்

சொன்னார், தமிழிலேயே. நிறையப் பேருக்கு மருந்து கேட்டிருந்தது, சிலருக்குக் கேட்கவில்லை. அவரவருக்குப் போட்டது என்ன என்று தனித்தனியாகக் கூப்பிட்டும் சொன்னார்கள். செலின் அக்காவுக்கு மருந்தேதான். அதற்குள் அவர் கருங்கல் சந்தைக்கு மறுபடி மீன் கொண்டுபோகத் தொடங்கியிருந்தார்.

யூசுப் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஊசியில் முட்டுவலி பாதி போச்சு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவருக்குப் போட்டது உப்புத்தண்ணீர். தண்ணீர் கிடைத்தவர்களில் டாக்டர் சரி என்பவர்களுக்கு இனி மருந்தைத் தருவதாகக் கம்பெனி ஒத்துக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னேன். குனிந்து முழங்காலை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தண்ணிக்கே நான் மாடிப்படி ஏறினேன். இனி மருந்தும் போட்டா திற்பரப்பு அருவிக்கு மேல நின்னு குதிப்பேன் மோளே!"

ஊசியின் பக்கவிளைவு எல்லாவற்றையும் நான்தான் கேட்டு எழுதினேன் என்றாலும் எனக்கு வந்த பக்கவிளைவை மட்டும் எழுதப் படிவத்தில் இடமில்லை: இப்போது எந்த டாக்டர் எதை நீட்டினாலும் "இது எதுக்கு சார்?" என்று கேட்காமல் கை நீளமாட்டேன் என்கிறது.