சாட்சி சொல்லுக்கா

எங்கள் அலுவலகத்துக்கு மூன்று அறைகள். முதல் அறையில் ஜெபம், நடு அறையில் ஆராய்ச்சி, கடைசி அறையில் அரசாங்கத்துக்கு மனு எழுதுகிற வேலை. கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரம், ஒரு லாரி பஞ்சர் கடைக்கு மேல்மாடி. இரண்டாயிரங்களின் நடுவில் நான் அந்த நடு அறையில் இருந்தேன். பட்டம் வாங்கிய கர்வமும் ஊழியம் செய்கிற கர்வமும் ஒன்றாகத் தலைக்கேறி, கால் தரையில் பாவாத வயது.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரே வேலைதான். தலித் மக்கள் கிறிஸ்தவர்களானால் எஸ்.சி. சலுகை போய்விடும். அதனால் தொழிற்பேட்டையைச் சுற்றியிருந்த காலனிகளில் பலருக்கும் இரண்டு பெயர். சபையில் ஒன்று, ஜாதி சர்டிபிகேட்டில் ஒன்று. சர்டிபிகேட்டில் இந்து என்று இருக்கும். இந்த அநியாயத்தை வீடு வீடாக விசாரித்துப் புத்தகமாகப் போட்டு, மனுவோடு அரசாங்கத்திடம் கொடுப்பதாகத் திட்டம். நியாயமான வேலை. இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நான் செய்த விதம்தான் தப்பு.

கேள்வித்தாளைப் பார்த்தாலே ஜனங்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ரேஷன் கார்டைப் பிடுங்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் நான்தான். தாளைப் பைக்குள் வைத்துவிட்டு, "சாட்சி சொல்லுக்கா" என்றேன். சபைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். எப்படிக் கிடந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கிவிட்டார் என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லித்தான் அவர்களுக்குப் பழக்கம். மடை திறந்தாற்போல் கொட்டினார்கள். அலுவலகத்தில் எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர் வந்தது.

ஏரிக்கரைக் காலனியில் ஒரு அக்கா. இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவள். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கரி போகாது. அவள் மகள் அரசுப் பள்ளியில் முதல் மார்க் வாங்கி, நர்சிங் சீட்டுக்குக் காத்திருந்தாள்.

"ஊட்டுக்காரரு குட்ச்சிட்டு வுயுந்து கெடந்தாரு சிஸ்டர். ஜெபத்துக்கு வந்தப்பறம்தான் வுட்டாரு. பொண்ணுக்கு சபையில வச்ச பேரு வேற, சர்டிபிகேட்ல வேற. இன்னா பண்றது? இத்தச் சொன்னா சீட்டு போய்டுமே. ஆண்டவருக்குத் தெரியாததா?" என்றாள். பிறகு டீ கிளாசை என் கையில் கொடுத்துக்கொண்டே, "ஆமா, உன் சர்டிபிகேட்ல இன்னா போட்டுக்குது சிஸ்டர்?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

புத்தகத்தில் யார் பெயரையும் போடவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் ஏரிக்கரைக் காலனி என்று எழுதினேன், உருக்குக் கம்பெனியில் பெருக்கும் தாய் என்று எழுதினேன், பள்ளியில் முதல் மார்க் வாங்கிய மகள் என்று எழுதினேன். அந்தக் காலனியில் அப்படி ஒரே ஒரு பெண்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. திருவள்ளூரில் வெளியீட்டு விழா நடந்தது. வந்த அதிகாரிகளுக்கெல்லாம் ஒரு சால்வை, ஒரு புத்தகம். நானே தட்டில் எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

ஒரு மாதம் ஆகியிருக்காது, அக்கா எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வருவாய் ஆய்வாளர் அந்தப் புத்தகத்தோடு அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவளைப் பற்றி எழுதிய பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாராம்.

"புதன்கெயமை ஆபீசுக்கு வரச் சொல்லிக்கிறாரு. புக்குல கீறது நாங்க இல்ல, வேற யாரோன்னு எயுதுனவங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா வுட்டுடுவாராம். நீ கேட்டப்போ நான் சாட்சி சொன்னேன்ல சிஸ்டர்? இப்ப நீ எனக்குச் சொல்லு."

உள்ளே போய் எங்கள் தலைவரிடம் கேட்டேன். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். "பொய்ச் சாட்சி சொல்லக் கூடாதும்மா, கட்டளையிலயே இருக்குது. ஜெபிப்போம்" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்துதான் கேட்கப் போனேன். வெளியே வந்து, "என் மனசாட்சி இடம் கொடுக்கலக்கா" என்றேன். அவள் "சரி சிஸ்டர்" என்று இறங்கிப் போனாள்.

புதன்கிழமை அவள் தனியாகத்தான் போனாள். நான் நடு அறையில் உட்கார்ந்து அடுத்த காலனியின் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சர்டிபிகேட்டை ரத்து செய்துவிட்டார்கள். சீட்டும் போயிற்று. "இதைவிட ஆதாரம் வேணுமா? ரெண்டாம் பதிப்புல சேர்த்துடும்மா" என்றார் அண்ணன். சேர்த்தேன். படித்தவர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தேன், பாவி.

அக்காவின் மகள் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் கம்பெனி வேனுக்கு நிற்கும்போது என்னைப் பார்த்தால், "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்பாள். முன்பு சொன்ன மாதிரியேதான் சொல்வாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மனசாட்சி என்று அக்காவிடம் சொன்னேனே, அதுதான் பொய்ச் சாட்சி. பொய் சொல்ல நான் பயப்படவில்லை. புதன்கிழமை அங்கே போனால், என் பெயரையும் எழுதிக்கொண்டு என் சர்டிபிகேட்டையும் கேட்பார்கள் என்றுதான் பயந்தேன். அதிலும் இந்து என்றுதான் இருக்கிறது. அப்பா அலைந்து வாங்கியது. அதைக் காட்டித்தான் காலேஜில் சேர்ந்தேன்.

எங்கள் தெருவும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. நானேதான் போனேன். எல்லா வீட்டு வாசலிலும் நின்று சாட்சி கேட்டேன். ஒரு வீட்டுத் தாளில் மட்டும், "வீடு பூட்டியிருந்தது" என்று என் கையாலேயே எழுதினேன். அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில்தான் அம்மா எனக்குச் சோறு போட்டாள்.